வீட்டில் தையல்: மிச்சம் யாருக்கு?

"வீட்டிலேயே தைத்துக்கொண்டால் காசு மிச்சம்" என்ற பேச்சு நம் தோட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. மாதர் பகுதிக் கூட்டமானாலும் சரி, கோயில் திருவிழாவில் நாலு பேர் கூடி நின்றாலும் சரி, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. விலைவாசி ஏறிக் கிடக்கும் நேரத்தில் கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் கொண்டுவந்த பாலை நிறுக்காமல் தொட்டியில் ஊற்ற நாம் சம்மதிப்போமா? மாட்டோம். அரை ராத்தல் குறைந்தாலும் தராசண்டை நின்று சண்டை பிடிக்கிறோம். அப்படியிருக்க, வீட்டுச் சிக்கனம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஏன் நிறுக்காமல் நம்பிவிடுகிறோம்?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தையல் எல்லாரும் பழக வேண்டும், ஆண்களும்தான். ஆனால் அதற்காக வீட்டுக்கு வீடு தவணையில் மெஷின் எடுக்க வேண்டியதில்லை. மிச்சம் இருப்பது பெரும்பாலும் பழந்துணியைச் செப்பனிடுவதில்தான். புதுத்துணி தைப்பதில் பலர் நினைக்கிற அளவுக்கு இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்த மிச்சம் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுத்த மிச்சம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும், கணக்கைப் பார்ப்போம்.

நம் பாட்டன் பாட்டிமார் நாளில் கணக்கு வேறாக இருந்தது. அன்று துணி அருமை, உழைப்பு மலிவு. சம்பள நாளன்று சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வரும் துணிக்காரரிடம் கடனுக்கு எடுப்பார்கள். லயத்தில் மெஷின் இருக்கும் வீடு ஒன்றோ இரண்டோ. அந்த வீட்டம்மாவிடம் கொடுத்தால் தீபாவளிக்கு முதல் நாள் இரவு வரை மிதித்துக்கொண்டே இருப்பார். ஒரே துணியில் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சட்டை, கவுன், மீதியில் தலையணை உறை. நாலு பிள்ளைகள் ஒரே பூப்போட்ட துணியில் வரிசையாக நிற்கும் படம் இன்றும் பல வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அன்று கடையில் தைத்த சட்டை வாங்குவது துரைமாருக்கும் பெரிய கிராணிமாருக்கும் உரிய காரியம். ஆகவே வீட்டில் தைத்தால் மிச்சம் என்பது அந்த நாளில் முழு உண்மை.

இன்று அது தலைகீழாகிவிட்டது. பாசார் மாலாமில் தைத்த சட்டையின் விலையும், துணிக்கடையில் அதே சட்டைக்கு வேண்டிய துணியின் விலையும் சில சமயம் ஒன்றாக இருக்கின்றன. சில சமயம் துணியே கூடுதல்! எப்படி இது சாத்தியம்? அந்தச் சட்டையைத் தைத்தவளும் ஒரு பாட்டாளி. எங்கோ ஒரு கட்டடத்தில் நூற்றுக்கணக்கான மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து, நாள் முழுதும் காலர் மட்டுமே, அல்லது கை மட்டுமே தைத்துத் தள்ளுகிறாள். 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி வங்காள தேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அவர்களில் பெரும்பாலோர் இப்படி உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தவர்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தும் மறுநாள் அவர்களை உள்ளே அனுப்பினார்கள். மலிவுச் சட்டையின் விலையில் இதுவும் சேர்ந்திருக்கிறது. நம் வீட்டு அம்மா எவ்வளவு சிக்கனமாகத் தைத்தாலும், இன்னொரு தொழிலாளியின் வயிற்றிலடித்து இறக்கிய விலையோடு போட்டி போட முடியாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இப்பொழுது கிராணி வேலையைச் செய்கிறேன், செக்ரோலைத் திறக்கிறேன். கீழே வரும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர்க் கடை விலையை அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முறைதான் முக்கியம். கடையில் வாங்கினால் ஆகும் செலவிலிருந்து, வீட்டில் செய்தால் துணி, நூல், பொத்தானுக்கு ஆகும் செலவைக் கழிக்க வேண்டும். மீதியை, வேலைக்கு எடுத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். வருவதுதான் உங்கள் தையலுக்கு உங்கள் வீடு கொடுக்கும் மணிச் சம்பளம்.

பையனுக்குப் பள்ளிக்கூடக் கால்சட்டை ஒன்று. கடையில் 25 வெள்ளி என்று வையுங்கள். துணி 15 வெள்ளி, ஜிப், கொக்கி, பொத்தான், நூல் 3 வெள்ளி, ஆக 18. மிச்சம் 7 வெள்ளி. புதிதாகப் பழகியவர் ஒரு கால்சட்டை தைக்க ஐந்து மணி நேரம் ஆகும்; ஜிப் வைத்துப் பிரித்து, மறுபடி வைத்துப் பிரித்தால் அதற்கு மேலும் ஆகும். ஐந்து மணி என்றே வைத்தாலும் மணிக்கு 1 வெள்ளி 40 காசு.

அதே கால்சட்டையைக் கடையில் வாங்கிக் காலைக் குட்டையாக்குவதற்குத் தையற்காரரிடம் கொடுத்தால் 8 வெள்ளி என்று வைப்போம். வீட்டில் கையூசியால் மடித்துத் தைக்க இருபது நிமிஷம், நூல் 20 காசு. மிச்சம் 7 வெள்ளி 80 காசு. மணிக்குப் போட்டால் 23 வெள்ளிக்கு மேல் போகிறது!

2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணை மாதத்துக்கு 1,700 வெள்ளி என்றும், மணிக்கு 8 வெள்ளி 72 காசு என்றும் விதித்தது. மேலே சொன்ன இரண்டு வேலைகளையும் அந்த 8.72-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுக் கால்சட்டை தைப்பவர் அதில் ஆறில் ஒரு பங்குகூடப் பெறவில்லை. ஓரம் மடிப்பவர் இரண்டரை மடங்குக்கு மேல் பெறுகிறார். ஐந்து மணி நேர வேலையில் மிச்சமானது 7 வெள்ளி, இருபது நிமிஷ வேலையில் மிச்சமானது 7.80. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்ட வீடு மெஷின்காரரிடம் ஏமாறாது.

பெண்களின் ரவிக்கை மட்டும் இதில் தனி. அதைக் கடையில் தைத்தபடி வாங்கினால் உடம்புக்குச் சரியாக உட்காருவதில்லை. தையற்கூலி தீபாவளிக்கு முன் எங்கே போய் நிற்கிறது என்பது குடும்பத்தலைவர்களுக்குத் தெரியும். லைனிங் வைத்துத் தைக்கக் கூலி 40 வெள்ளி என்றால், லைனிங் துணியும் நூலும் 8 வெள்ளி போக 32 மிச்சம். கை பழகியவர் மூன்று மணி நேரத்தில் முடிப்பார். மணிக்குப் பத்து வெள்ளிக்கு மேல். ஆனால் கை பழகுவதற்குள் எத்தனை ரவிக்கைத் துண்டு பாழாகும் என்பதையும் சேர்க்க வேண்டும். பட்டுச் சேலையோடு வந்த துண்டை வெட்டிப் பழகிய வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இருக்காது. பழைய கைலியை வெட்டிப் பழகுங்கள். அதில் சரியாக வந்த பிறகு நல்ல துணியைத் தொடுங்கள்.

அப்படியானால் எந்தத் தையல் லாபம்? இங்கேதான் நான் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். சிக்கனம் பேசுகிறவர்கள் புதுச் சட்டையைப் பற்றியே பேசுகிறார்கள். கிழிந்த சட்டையைப் பற்றிப் பேச யாருக்கும் ஆசையில்லை.

பால்வெட்டும் உடுப்பை எடுத்துக்கொள்வோம். அதில் பால் பட்டு இறுகினால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கொசுவுக்காக முழுக்கை வேண்டும். முட்செடியும் கிளையும் கிழிக்கும். இதற்குப் புதுத்துணி எடுத்துத் தைப்பது போன்ற வீண் வேலை வேறில்லை. பண்டல் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பழைய முழுக்கைச் சட்டையை வாங்கி, முழங்கையிலும் தோளிலும் உட்பக்கமாக ஒட்டுப்போட்டுவிட வேண்டும். எப்பொழுது? கிழிந்த பிறகு அல்ல, வாங்கிய அன்றே. காண்டாவில் இரண்டு பக்கமும் வாளி தொங்க நடந்த காலத்தில் நம் பாட்டிமார் தோளில் இரட்டைத் துணி வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். காண்டா பல இடங்களில் போய்விட்டது. அந்த அறிவு ஏன் போக வேண்டும்? கிழிந்த பிறகு ஒட்டுப்போட்டால் சுற்றியுள்ள துணியும் நைந்திருக்கும். ஊசி போட்ட இடமெல்லாம் மறுபடி கிழியும். முன்கூட்டிப் போட்ட ஒட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கிராணிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நானும் அந்த வர்க்கம்தானே. வெள்ளைச் சட்டைக்கு முதலில் போவது காலர் மடிப்பு. உடம்புத் துணி நன்றாயிருக்கும்போதே காலர் நைந்து, சட்டை துடைக்கும் துணியாகிவிடுகிறது. காலரை அடித்தையலில் பிரித்து எடுத்து, உட்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து மறுபடி தைத்தால் சட்டை இன்னும் ஒரு வருஷம் ஆபீசுக்குப் போகும். அந்தக் காலத்துக் கிராணிமார் பலர் இதைச் செய்தார்கள், வெளியில் சொல்லவில்லை. வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? நைந்த காலரோடு போனால்தான் வெட்கம்.

பள்ளிச் சீருடையில் இன்னொரு விதமான மிச்சம் இருக்கிறது. ஆரம்பப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலப் பினாஃபோரும், ஆண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் என்பது நாமறிந்ததே. இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் நிறம் மாறும். ஆகவே ஆறு வருஷத்துக்கு அதே நிறம். பிள்ளை வளருகிறது, துணி வளருவதில்லை. கடைச் சீருடையில் உள்மடிப்பு அரை அங்குலம்தான் விடுகிறார்கள். பிரித்து விட அதில் இடமில்லை. வீட்டில் தைத்தால் பினாஃபோரின் அடியில் மூன்று அங்குலம் மடித்து வைக்கலாம், பக்கத் தையலில் ஒரு அங்குலம் விடலாம். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் போதும். இரண்டு வருஷத்துக்கு ஒரு உடுப்பு என்றால், முன்னே போட்ட கணக்கில் மணிக்கு 1.40 என்று வந்தது அப்படியே நிற்காது; இரண்டாவது உடுப்பு வாங்காமல் விட்ட பணமும் மிச்சத்தில் சேரும். ஆகவே, புதிதாகத் தைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் உடுப்பு இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. பருத்தி கலந்த துணியை வெட்டுமுன் நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட வேண்டும். தைத்த பிறகு சுருங்கினால் விட்ட மூன்று அங்குலத்தில் ஒன்று அதற்கே போய்விடும். கருநீலம் வெயிலில் வெளுக்கும். மடிப்புக்குள் இருந்த பாகம் வெளுக்காமல் கருத்த கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின்மேல் அதே நிற நாடா ஒன்றை வைத்து ஓட்டினால் அலங்காரம்போல் மறைந்துவிடும். பிள்ளைகள் இந்தக் கோட்டைப் பார்த்து ஒருவரையொருவர் கேலி செய்யும் குணமுடையவர்கள் என்பதால் சொல்கிறேன்.

மற்றபடி கைலி மூட்டுவது, சேலைக்கு ஓரம் அடிப்பது, திரைச்சீலை, தலையணை உறை. இவையெல்லாம் நேர்த்தையல். முதலில் நூலில்லாமல் கோடு போட்ட காகிதத்தில் மெஷினை ஓட்டிப் பழகி, பிறகு கைலி மூட்டினால் ஒரு வாரத்தில் கை நேராகும். கைலி மூட்டத் தெரிந்த பிறகுதான் கழுத்து வெட்ட ஆசைப்பட வேண்டும். தலைகீழாகத் தொடங்குகிறவர்களே பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இனி மெஷின் விஷயம். மேலே சொன்ன வேலைகளில் பாதிக்கு மெஷினே தேவையில்லை. ஊசி, நூல்கண்டு, நல்ல கத்தரிக்கோல், ஒரு அளவு நாடா போதும். ஆனாலும் தையல் என்றவுடன் மெஷின்தான் நம் கண்முன் நிற்கிறது. அதற்கு வியாபாரிகளின் திறமையே காரணம். தவணை முறை நேற்று வந்ததன்று. சிங்கர் கம்பெனி 1850-களிலேயே தன் மெஷினைத் தவணைக்கு விற்கத் தொடங்கி, அதைக் கொண்டே உலகமெல்லாம் வீடுகளுக்குள் நுழைந்தது. மொத்தப் பணம் கையில் இல்லாத குடும்பம்தான் தவணைக்கு இலக்கு. நம்மைத்தான் சொல்கிறேன்.

மெஷின் ரொக்கத்துக்கு 600 வெள்ளி என்று வைப்போம். தவணையில் மாதம் 62 வெள்ளி, பன்னிரண்டு மாதம், ஆக 744. கூடுதலாகக் கொடுத்தது 144 வெள்ளி, அதாவது மணிக்கு 8.72 வீதம் பதினாறரை மணி நேரச் சம்பளம். இரண்டு நாள் பெரட்டுக்கு நின்று உழைத்ததைக் கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று. தையலால் வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி மிச்சமாகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும், 744 வெள்ளி திரும்பி வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கிடையில் மழை மாதம் வரும். இலையுதிர்ந்து பால் குறையும் மாதங்கள் வரும். அந்த மாதங்களிலும் 62 வெள்ளி கேட்டுக் கடிதம் வரும். ஒப்பந்தக் காகிதத்தில் ரொக்க விலை என்ன, வட்டி என்ன, மொத்தம் என்ன என்று மூன்றையும் எழுத்தில் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருக்கிறது, புரியவில்லை என்றால் கிளைச் செயலாளரிடமோ ஆபீசில் கிராணியிடமோ கொண்டு வாருங்கள். "நாளைக்கு விலை ஏறிவிடும்" என்று விற்பவர் சொன்னால், நாளைக்கே வாங்கலாம் என்று அனுப்பிவிடுங்கள்.

கைக்கடக்கமான சின்ன மெஷின்கள் சிலவற்றைச் சில பத்து வெள்ளிக்கு விற்கிறார்கள். விளையாட்டுச் சாமான் என்றே நினைக்கிறேன். இரண்டு மடிப்புக் கால்சட்டைத் துணியைக் கொடுத்தால் திணறுகிறது. அதைவிடப் பழைய காலத்துக் கறுப்பு இரும்பு மெஷின், நேர்த்தையல் ஒன்றே போடுவதானாலும், நம்பத்தக்கது. பழையதாக வாங்கும்போது வீட்டிலிருந்து நாலு மடிப்புத் துணி கொண்டுபோய்த் தைத்துப் பார்க்க வேண்டும். கீழ்நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறதா, பாபின் கூடு ஆடுகிறதா, சக்கரம் கையால் சுற்றும்போது எங்காவது பிடிக்கிறதா என்று பார்த்தால் போதும். காலால் மிதிப்பதற்கு மின்சாரப் பில்லும் இல்லை.

இவ்வளவும் பணக் கணக்கு. நேரக் கணக்கில்தான் நான் சண்டைக்கு வருகிறேன்.

பால்வெட்டும் பெண் விடியுமுன் எழுகிறாள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே சமைத்து, பிள்ளைகளை எழுப்பி, நிரைக்கு ஓடுகிறாள். வெட்டி, சேகரித்து, நிறுத்து, வீடு திரும்பி, மறுபடி அடுப்பு, துணி துவைப்பு, பிள்ளைகளின் பாடம். இரவு ஒன்பது மணிக்கு அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வின்மேல்தான் நம்முடைய சிக்கனத் திட்டம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது! மங்கலான விளக்கடியில் கருநீலத் துணியில் கருநீல நூல் கோக்கிறாள். அவள் கண்ணுக்கு எந்தச் செக்ரோலில் பெயர் போடுகிறோம்? "என் மனைவி வீட்டிலேயே தைத்துவிடுவாள், செலவே இல்லை" என்று பெருமையாகச் சொல்கிற தோழர், தன் மிகைநேரச் சம்பளத்தில் அரை மணி விட்டுப்போயிருந்தால் மறுநாள் காலை ஆபீசு வாசலில் நிற்கிறார். அது அவர் உரிமை, நிற்கத்தான் வேண்டும். அதே அளவுகோலை வீட்டுக்குள்ளும் வைத்துப் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு ஒரு பரிகாரம், ஆண்கள் தைக்கப் பழகுவது. சிரிக்க வேண்டாம். பட்டணத்துத் தையற்கடைகளில் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கூலிக்குத் தைத்தால் ஆண் வேலை, கூலியில்லாமல் தைத்தால் பெண் வேலை என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? உளியைத் தீட்டி, மரத்துக்குக் காயம் படாமல் மெல்லிய பட்டையாகச் சீவி எடுக்கிற கைக்கு ஒரு பொத்தான் தைக்க வராதா? மழை பெய்து வெட்டு நிற்கும் நாளில் சீட்டு விளையாடுகிற நேரத்தில் வீட்டுச் சட்டைகளுக்கெல்லாம் ஒட்டுப்போட்டுவிடலாம்.

இன்னொரு ஆபத்தையும் சங்கத்துக்காரன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். நாம் சிக்கனமாக வாழக் கற்றுக்கொண்டோம் என்பதே நமக்கெதிரான வாதமாக ஆக்கப்படலாம். இது கற்பனையன்று. யுத்தத்துக்கு முந்திய மலாயாவில் இந்தியத் தொழிலாளியின் 'நிர்ணயச் சம்பளம்' எப்படி முடிவாயிற்று? அரிசி, பருப்பு, உப்பு, புளி என்று ஒரு குடும்ப வரவுசெலவுப் பட்டியல் போட்டார்கள். அதில் துணிமணிக்கும் இவ்வளவு என்று ஒரு வரி. கூட்டிப் பார்த்து, இதற்கு மேல் இவனுக்கு எதற்கு என்று முடிவு கட்டினார்கள். 1920-களின் பிற்பகுதியில் முக்கிய வட்டாரங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது அதையும் 40, 32 என்று வெட்டினார்கள். தொழிலாளியின் தேவையை அவர்கள் எழுதினார்கள். எவ்வளவு குறைத்து எழுத முடியுமோ அவ்வளவு குறைத்து எழுதினார்கள். பெண்ணின் வயிறு ஆணின் வயிற்றில் ஐந்தில் நாலு பங்கு என்று அந்தப் பட்டியலில் கண்டுபிடித்த மேதைகள் அவர்கள்!

ஆகவே சம்பள உயர்வு பேசும் மேசையில் யாராவது, "உங்கள் ஆட்கள் செலவைக் குறைக்கக் கற்றுக்கொள்ளட்டுமே" என்று இழுத்தால், அதற்குத் தலையாட்டக் கூடாது. மாதம் 20 வெள்ளி தையலில் மிச்சம் பிடிக்கிற குடும்பம் தன் உழைப்பால் அதைச் சம்பாதிக்கிறது. அந்த இருபது அந்தக் குடும்பத்தின் பணம். முதலாளி கொடுக்க வேண்டியதில் கழித்துக்கொள்ள வேண்டிய பணமல்ல. முட்டையும் மீனும் விலை ஏறும்போது ஊசி நூலைக் காட்டி ஈடு செய்யச் சொல்வது, பசித்தவனுக்கு இடுப்புக் கச்சையை இன்னும் இறுக்கச் சொல்வதாகும்.

தைத்து வெளியாருக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாமே என்பார்கள். அது தொழில்; சிக்கனமல்ல. அதற்குப் பயிற்சி வேறு, மெஷின் வேறு. சொந்தக்காரர் வீட்டு ரவிக்கைக்குக் கூலி கேட்கும் துணிச்சலும் வேண்டும். அதுதான் மிகக் கடினம் என்று அந்தத் தொழிலில் இருக்கும் அம்மாமார் சொல்கிறார்கள். முறையாகப் பழக விரும்புகிறவர்களுக்கு, சமூக மேம்பாட்டுத் துறையான கெமாஸ் புறநகர்களிலும் கிராமங்களிலும் தையல் வகுப்பு நடத்தி வந்திருக்கிறது. மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தால், பக்கத்தில் வகுப்பு உண்டா, தோட்டத்துப் பெண்கள் சேர இடமுண்டா என்பது தெரியும். தனியாகப் போய்க் கேட்பதைவிடப் பத்துப் பேர் கையெழுத்தோடு சங்கக் கிளை எழுதிக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

என் யோசனை இது. வீட்டுக்கு ஒரு மெஷின் என்பதை விட்டு, பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்குவோம். 600 வெள்ளி மெஷின் என்றால் வீட்டுக்கு 50 வெள்ளி, வட்டியில்லை, கடிதமில்லை. மாதம் 20 வெள்ளி மிச்சம் என்ற அதே கணக்கில் இரண்டரை மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். ஒரு வீட்டில் வாரம் ஒரு நாள் ஓடிவிட்டு மற்ற நாளெல்லாம் போர்வைக்கடியில் தூங்கும் மெஷினால் யாருக்கு லாபம்? சிறு சிறு தொகையைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வது நமக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தவணை தவணையாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கியவர்கள் நம் பெற்றோரும் பாட்டன்மாரும். தோட்டம் வாங்கியவர்களின் பிள்ளைகள் ஒரு தையல் மெஷின் வாங்க முடியாதா?

வைக்க இடம் வேண்டும். முன்பு ஆயக் கொட்டகையாக இருந்து இப்பொழுது பூட்டிக் கிடக்கும் கட்டடம் பல தோட்டங்களில் இருக்கிறது. இல்லாவிட்டால் கோயில் மண்டபம், சமூகக் கூடம். நல்ல விளக்கு இரண்டு போட்டுத் தரும்படி நிர்வாகத்தைக் கேட்கலாம், அதையாவது கேட்போம். ஊசி முறித்தவர் ஊசி வாங்கி வைக்க வேண்டும். எண்ணெய்க்கும் பழுதுக்கும் வீட்டுக்கு மாதம் 3 வெள்ளி போதும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ரவிக்கை தைக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அந்த நேரத்துக்கு அவருக்கு ஒரு தொகை கொடுத்துவிடுவதே நியாயம். ஆண்களுக்கும் முறை போட வேண்டும். தீபாவளிக்கு முந்திய ஆறு வாரம் சண்டை வரும், சந்தேகமேயில்லை. அதற்குச் சீட்டுக் குலுக்கி நாள் ஒதுக்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். எத்தனை வீடு சேருகிறது, யாரிடம் சாவி, யார் பணம் வசூலிப்பது என்று அங்கேயே முடிவாகட்டும். நாள் ஒதுக்கும் பேரேட்டைக் கோடு போட்டு எழுதித் தரக் கிராணிமார் நாங்கள் இருக்கிறோம்.